காப்பாளரும் காக்கப்படுவோரும்: இந்தியப் பல்கலைக்கழக மாணவர் விதிகளின் வரலாறு

தில்லியில் தமிழ் பயிற்றுவிக்கும் ஆசிரியர்க்கு ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் ஒரு பணி தவறாமல் வந்து சேரும். தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்குப் பயில வரும் மாணவியரின் விடுதி விண்ணப்பத்தில் ‘உள்ளூர்க் காப்பாளர்’ என்றுள்ள இடத்தில் கையொப்பமிடுவதே அப்பணி. பெற்றோர்க்கு இங்கு உறவினர் இலர். தமிழாசிரியர் என்னும் ஒரே காரணம் பற்றித் தொலைபேசியில் அழைத்து, “சார், நீங்கதான் அப்பா ஸ்தானத்துல இருந்து எங்க பொண்ணைப் பாத்துக்கணும்” என்பர். மறுக்க இயலாது. கையொப்பமிட்ட பின்னர், அம்மாணவி வார இறுதியில் தோழி வீட்டுக்குச் செல்லவும், இரவு நூலகத்திலிருந்து தாமதமாகத் திரும்பவும் இக்கட்டுரையாளரின் இசைவுக் கடிதம் வேண்டப்படும். முதுகலை பயிலும் அவருக்கு வயது 22, தேர்தலில் வாக்களித்தவர். காப்பாளராகிய கட்டுரையாளர் அவரினும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே மூத்தவர்.

இக்கட்டத்தை விண்ணப்பத்தில் வைத்தவர் யார், எக்காலத்தில், என்ன தேவை கருதி வைத்தனர் என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை எழுகிறது. ‘அப்பா ஸ்தானத்தில்’ என்று அப்பெற்றோர் இயல்பாகக் கூறிய தொடர், ஆங்கிலேயச் சட்ட மரபில் ‘இன் லோகோ பேரென்டிஸ்’ என்னும் இலத்தீன் தொடராக நெடுங்காலம் வழங்கி வந்த ஒரு கோட்பாடு ஆகும். தந்தை தம் அதிகாரத்தின் ஒரு கூற்றை ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார் என்று 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் அதனை விளக்கினார். இந்தியப் பல்கலைக்கழகங்களில் இக்கோட்பாடு அன்பின் மொழியில் நுழைந்தது. அச்சத்தின் காலத்தில் வேரூன்றியது. மாணவர் விதிகளின் வரலாற்றை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உறவாகக் காண்பதே பொருந்தும் எனக் கருத இடமுண்டு.

சொல் பற்றிய ஒரு குறிப்பு

தமிழில் விடுதியின் பொறுப்பாளரைக் ‘காப்பாளர்’ என்கிறோம். விண்ணப்பப் படிவத்தில் பெற்றோருக்கு மாற்றாகக் கையொப்பமிடுபவரையும் ‘காப்பாளர்’ என்றே குறிக்கிறோம். இஃது ஆட்சித்தமிழின் வறுமை அன்று. ஆங்கிலத்திலும் ‘வார்டன்’, ‘கார்டியன்’, காக்கப்படுபவரைக் குறிக்கும் ‘வார்ட்’ ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. சிறைக்கும் ‘வார்டன்’ உண்டு என்பதை மாணவர்கள் நகையாடுவதுண்டு. சொற்பிறப்பியல் அவர்கள் பக்கமே நிற்கிறது.

மாணாக்கர்க்கான விதிகள் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனும் எண்வகை உவமைகளால் தலை, இடை, கடை என முத்திறப்படுத்துகிறது. பாடங்கேட்கும் முறையையும், ஆசிரியரிடம் தீக்காய்வார் போல அகலாது அணுகாது ஒழுகும் முறையையும் வகுக்கிறது. ஆயின் அவை ஒருவரை ஒருவர் முகமறிந்த இருவரிடையே நிகழும் ஒழுக்கம் பற்றியவை. யாருக்குக் கற்பிக்கலாகாது என்று ஆசிரியர் தாமே முடிவு செய்யலாம், அவ்வளவே தண்டனை. பல்கலைக்கழக விதி முகமறியாத பல்லாயிரவர்க்கு அச்சிட்டு வழங்கப்படுவது. இரண்டையும் ஒரே கயிற்றில் தொடுத்து, ‘குருகுலத்திலிருந்தே வருவது’ என விடுதி விதிகளுக்குத் தொன்மை கற்பிப்போர் உளர். அத்தொன்மை பொய், விடுதி விதிகளின் வயது நூற்றிருபது ஆண்டுகளை ஒட்டியதே.

1904ஆம் ஆண்டின் ஒரு தொடர்

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டன. அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகள் மட்டுமே. கற்பித்தல் கல்லூரிகளில் நிகழ்ந்தது. மாணவர் எங்குத் தங்கினார், எப்போது உறங்கினார் என்பதில் அப்பல்கலைக்கழகங்களுக்கு அக்கறையில்லை. அவற்றின் சட்டங்களில் அத்தகைய விதியும் இல்லை. கல்கத்தாவில் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்த மாணவர்கள் கூடி வீடொன்றை வாடகைக்கு அமர்த்தி, சமையற்காரரை வைத்துக்கொண்டு வாழ்ந்தனர். அவ்வீட்டுக்கு ‘மெஸ்’ என்று பெயர். (நமக்கு மெஸ் என்பது உண்ணுமிடம், வங்கத்தில் அது தங்குமிடமும் ஆகும்.) காப்பாளர் எவருமில்லாத இவ்வீடுகளே பின்னர் அரசின் கண்ணை உறுத்தின.

இதற்கு விதிவிலக்காக 1877இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அலிகர் முகம்மதிய ஆங்கிலோ கீழ்த்திசைக் கல்லூரியைச் சுட்ட வேண்டும். சர் சையது அகமது கான் தங்கிப் பயிலும் வாழ்வையே கல்வியின் நடுநாயகமாகக் கொண்டார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் அங்குள்ள வழக்கங்களை இங்குப் பதியமிட்டனர். ‘புரொக்டர்’ எனும் ஒழுங்கு அலுவலர் பதவி ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு மரபினது; இன்று அலிகர், காசி, அலகாபாத், தில்லி ஆகிய வடபுலப் பல்கலைக்கழகங்களில் அப்பதவி செல்வாக்குடன் விளங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்க்கு இச்சொல்லே புதிது. இலங்கைத் தமிழரிடம் கேட்டால் ‘புரொக்டர்’ என்பவர் பழைய நாள் வழக்கறிஞர் என்பர். இரண்டும் ஒருவருக்காக மற்றொருவர் செயற்படுதல் என்னும் பொருளுடைய ஒரே சொல்லின் இரு வழிப் பயணங்கள்.

1882ஆம் ஆண்டின் அண்டர் கல்விக் குழு, கல்லூரிகளுக்கென ஓர் அறநெறிப் பாடநூல் தேவை என்றும், மனிதன், குடிமகன் ஆகியோரின் கடமைகள் பற்றி ஒவ்வோராண்டும் சொற்பொழிவுகள் நிகழ வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. குழுவில் இருந்த தெலாங்கு இப்பரிந்துரையை ஏற்கவில்லை. அறிவுரை என்ற அளவில் நின்ற இவ்வேட்கை, கர்சன் காலத்தில் சட்டமாயிற்று. 1902இல் தாமசு இராலே தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் குழுவின் அறிக்கையை ஒட்டி 1904இல் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் நிறைவேறியது. அதன் 21ஆம் பிரிவு, இணைவு வேண்டும் கல்லூரி நிறைவு செய்ய வேண்டிய தகுதிகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று: பெற்றோருடனோ காப்பாளருடனோ வாழாத மாணவர்கள் கல்லூரியிலோ கல்லூரி ஒப்புதல் அளித்த இடத்திலோ தங்குவதற்கும், மாணவரைக் கண்காணிப்பதற்கும், அவர்தம் உடல்நலத்துக்கும் உரிய ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்பது.

இவ்விதியை ஊன்றி நோக்க வேண்டும். ‘கண்காணிப்பு’, ‘உடல்நலம்’ ஆகிய இரண்டும் ஒரே மூச்சில் கூறப்படுகின்றன. மாணவர் உலகம் பெற்றோருடன் வாழ்வோர், வாழாதோர் என இரண்டாகப் பகுக்கப்படுகிறது. வாழாதோர்க்குக் கல்லூரியே காப்பாளர். கல்லூரி அக்கடமையில் தவறினால் இழப்பது தன் இணைவை. எனவே மாணவரைக் கண்காணித்தல் என்பது கல்லூரி தன்னைக் காத்துக்கொள்ளும் வழியுமாயிற்று. நம் காலத்து விடுதி விதி ஒவ்வொன்றிலும் இவ்விரட்டைத் தன்மையைக் காணலாம்.

சுற்றறிக்கைகளின் காலம்

சட்டம் வந்த மறு ஆண்டே வங்கப் பிரிவினை நிகழ்ந்தது. சுதேசி இயக்கத்தில் மாணவர்களே முன்னணியில் நின்றனர். 1905 அக்டோபர் 10ஆம் நாள் வங்க அரசின் தலைமைச் செயலர் கார்லைல், மாவட்ட ஆட்சியர்களுக்குச் சுற்றறிக்கை ஒன்றை விடுத்தார். புறக்கணிப்பு, மறியல் ஆகியவற்றில் மாணவர் ஈடுபடுவதைத் தடுக்கத் தவறும் பள்ளி, கல்லூரிகளின் மானியம் நிறுத்தப்படும். அவற்றின் மாணவர் அரசு உதவித்தொகைக்குப் போட்டியிடும் உரிமையை இழப்பர். இணைவை நீக்குமாறு பல்கலைக்கழகம் கேட்டுக்கொள்ளப்படும். ஆசிரியர்களே சிறப்புக் காவலர்களாக அமர்த்தப்படவும் கூடும் என்பன அதன் சாரம். மறைவாக அனுப்பப்பட்ட இச்சுற்றறிக்கை அம்மாதமே செய்தித்தாளில் வெளியாகிவிட்டது. நவம்பர் தொடக்கத்தில் கல்கத்தாவில் ‘சுற்றறிக்கை எதிர்ப்புச் சங்கம்’ தோன்றியது. மாணவர் விதி ஒன்றின் பெயரையே தன் பெயரில் தாங்கி எழுந்த சங்கம் அது.

இக்காலத்து நிகழ்ச்சிகளுள் இரங்பூரில் நடந்தது நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. சுதேசிக் கூட்டத்திற்குச் சென்ற பள்ளி மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டத்தைச் செலுத்த அவர்தம் காப்பாளர்கள் மறுத்தனர். பிள்ளைகளைத் திருத்தும் பொறுப்பைத் தந்தையின் சார்பில் ஏற்றுள்ளதாகக் கூறிக்கொண்ட அரசை, அத்தந்தையரே ஏற்கவில்லை. அவர்கள் 1905 நவம்பர் 8ஆம் நாள் அவ்வூரில் தேசியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அங்கிருந்த மாணவர் சிறுவர். கல்லூரி மாணவர் அல்லர். எனினும் ‘பெற்றோர் இடத்தில்’ என்னும் கோட்பாட்டை உண்மைப் பெற்றோர் வெளிப்படையாக மறுத்த நிகழ்ச்சி என்ற வகையில் இது தனித்துப் போற்றத்தக்கது. 1906இல் தேசியக் கல்விக் கழகமும், அரவிந்தரை முதல்வராகக் கொண்ட வங்கத் தேசியக் கல்லூரியும் எழுந்தமைக்கு இத்தகைய மோதல்களே களம் அமைத்தன.

கிழக்கு வங்கத் துணை ஆளுநர் புல்லர், சிராசுகஞ்சிலிருந்த இரு பள்ளிகளின் இணைவை நீக்குமாறு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை வற்புறுத்தினார். வேண்டுகோளைத் திரும்பப் பெறுமாறு இந்திய அரசு கூறவே, 1906 ஆகத்தில் பதவி விலகினார். மாணவர் ஒழுங்கு பற்றிய சிக்கலில் ஒரு மாகாணத் தலைவரே பதவி துறந்தார் என்பது, அரசு இதற்கு எத்துணை இடமளித்தது என்பதைக் காட்டும். 1907 மே 6ஆம் நாள் உள்துறைச் செயலர் இரிசுலி விடுத்த சுற்றறிக்கை, இக்கட்டுப்பாட்டை நாடு முழுமைக்குமான கொள்கையாக்கியது. சாதி பற்றிய நூல்களால் மானிடவியலார் நன்கறிந்த அதே இரிசுலிதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்ளும் இக்காற்று வீசியது. 1907இல் விபின் சந்திர பாலர் ஆந்திரக் கடற்கரை ஊர்களில் சொற்பொழிவாற்றிச் சென்றபின், இராசமகேந்திரபுரத்தில் மாணவர்கள் வந்தே மாதரம் பொறித்த சின்னங்களை அணிந்து வகுப்புக்கு வந்தனர். கல்லூரி முதல்வர் மார்க் அண்டர் கடும் நடவடிக்கை எடுத்தார். நீக்கப்பட்டவருள் காடிச்செர்ல அரிசர்வோத்தம ராவும் ஒருவர். பின்னாளில் ஆந்திர நூலக இயக்கத்தின் முன்னோடியாக விளங்கியவர். சட்டையில் குத்திய ஒரு சின்னம் குற்றமாயிற்று. இன்றைய கல்லூரிக் கையேடுகளில் உடை பற்றிய விதிகளைக் காணும்போது இந்நிகழ்ச்சி நினைவுக்கு வராமற் போவதில்லை.

1916இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டன் மாணவர்களை அவமதித்தார், கைந்நீட்டினார் என்ற குறை எழுந்து சனவரியில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. பிப்ரவரி 15இல் அவர் தாக்கப்பட்டார். சுபாசு சந்திர போசு கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று இதிலுண்டு. முதல்வர் சேம்சு, மாணவர் கருத்தறியும் ஆலோசனைக் குழு ஒன்றை அக்கல்லூரியில் அமைத்திருந்தார். போசு அதில் தம் வகுப்பின் பேராளர். விதியை வகுப்போரிடம் மாணவர் பேசுவதற்கென ஒரு வாயில் இருந்தது. அவ்வாயில் வழி வந்த குறைக்குத் தீர்வு கிட்டாதபோதுதான் மாடிப்படியில் மோதல் நிகழ்ந்தது. அசுதோசு முகர்சி தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. முதல்வர் சேம்சும் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். போசு 1917இல் ஸ்காட்டிசு சர்ச் கல்லூரியில் சேர்ந்து படிப்பைத் தொடர்ந்தார். அக்கதவு திறவாதிருப்பின் என்னவாகியிருக்கும் என்பது வரலாற்றாசிரியன் கேட்கக் கூடாத கேள்வி, ஆசிரியன் கேட்கலாம்.

சாட்லர் தலைமையிலான கல்கத்தாப் பல்கலைக்கழகக் குழு (1917-19) மாணவர் தங்குமிடச் சிக்கலை விரிவாக ஆராய்ந்தது. 1921இல் தொடங்கிய தாக்காப் பல்கலைக்கழகம் விடுதி மன்றங்களையே அடிப்படை அலகுகளாகக் கொண்டது. 1929இல் சிதம்பரத்தில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தங்கிப் பயிலும் மரபினதே.

விடுதலைக்குப் பின் மாறாதது

1922ஆம் ஆண்டுத் தில்லிப் பல்கலைக்கழகச் சட்டம், ஒவ்வொரு மாணவரும் கல்லூரியிலோ விடுதி மன்றத்திலோ, அல்லது விதிகள் வகுக்கும் நிபந்தனைகளின்படியோ வசிக்க வேண்டும் என்கிறது. இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம் இது. பல்லாயிரம் மாணவர் வாடகை அறைகளில் வாழும் இந்நகரில், அவர்கள் அனைவரும் சட்டப்படி ‘நிபந்தனைகளின்படி’ வாழ்வோரே.

விடுதலைக்குப் பின் சுற்றறிக்கைகளை எழுதிய அரசு மறைந்தது, சொற்கள் மறையவில்லை. நேற்றுவரை கல்லூரியை விட்டு வெளியேறுமாறு மாணவரை அழைத்த தலைவர்களே ஆட்சிக்கு வந்தபின், 1950களில் ‘மாணவர் ஒழுங்கின்மை’ என்பது அறிக்கைகளின் பொருளாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு 1960இல் இதுபற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. 1965இல் தமிழ்நாட்டில் நிகழ்ந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அன்றைய அரசு இதே சொல்லால் அளந்ததையும் இங்கு நினைவுகூரலாம்.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் ‘ஆர்டினன்ஸ்’ எனப்படும் ஆணைவிதிகளுள் 15-பி என்பது மாணவர் ஒழுங்கு பற்றியது. ஒழுங்கு நடவடிக்கைக்கான அனைத்து அதிகாரங்களும் துணைவேந்தரிடம் உள்ளன என்று அது தொடங்குகிறது. சேர்க்கையின்போதே மாணவர் அவ்வதிகாரத்துக்குத் தம்மை உட்படுத்துவதாக உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும். இவ்விதியைப் பழமையின் எச்சம் என்று தள்ளிவிட முடியாது. கடும் ஒழுங்கீனம் எனப்படுவனவற்றின் பட்டியலில் தாக்குதல், ஆயுதம் வைத்திருத்தல் ஆகியவற்றை அடுத்து, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை மீறுதல், பட்டியல் சாதி, பழங்குடி மாணவரின் மதிப்பைக் குலைத்தல், பெண்களை இழிவுபடுத்தும் நடத்தை ஆகியன இடம்பெறுகின்றன. அவற்றையடுத்து, பல்கலைக்கழகக் கல்விப் பணிக்கு எவ்வகையிலேனும் இடையூறு விளைவித்தல் என்பதும் உண்டு. முன்னவை 1950ஆம் ஆண்டு அரசமைப்பின் குரல். பின்னது கார்லைலின் குரல். ‘எவ்வகையிலேனும்’ என்ற சொல்லுக்குள் எதையும் அடக்கலாம்.

நீதிமன்றத்தின் முன் மாணவர்

தண்டிக்கப்படும் மாணவர்க்குத் தம் பக்கத்தைக் கூறும் உரிமை உண்டா? 1962இல் உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்வு முடிவை நீக்கித் தடை விதிக்கும் முன் மாணவர்க்கு விளக்கம் கூற வாய்ப்பளித்தே ஆக வேண்டும் என்றது. தந்தை மகனைத் தண்டிக்கும்போது விசாரணை நடத்துவதில்லை. நிறுவனம் நடத்த வேண்டும். ‘பெற்றோர் இடம்’ என்னும் உவமை இங்கு முதன்முதலாகக் கீறல் விடுகிறது.

ஆயின் 1973ஆம் ஆண்டு இராஞ்சி இராசேந்திர மருத்துவக் கல்லூரி வழக்கு இவ்வளவு எளியதன்று. 1972 சூன் மாதத்து இரவொன்றில் மாணவர் சிலர் பெண்கள் விடுதி வளாகத்துள் புகுந்து தகாத முறையில் நடந்துகொண்டனர் என்று 36 மாணவியர் முதல்வரிடம் மறைவாக முறையிட்டனர். ஆசிரியர் மூவர் கொண்ட குழு, குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாதபோது மாணவியரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. பின்னர் அம்மாணவர்களை அழைத்துக் குற்றச்சாட்டைக் கூறி எழுத்துமூலம் விடை பெற்றது. மாணவர்கள் ஈராண்டு நீக்கப்பட்டனர். எங்களை வைத்துக்கொண்டு விசாரிக்கவில்லை, குறுக்கு விசாரணைக்கு இடமளிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாணவியரை அவ்வாறு முன்னிறுத்தினால் அவர்கள் வளாகத்தில் அச்சமின்றி வாழ இயலாது. இயற்கை நீதி என்பது எல்லா இடத்திலும் ஒரே வார்ப்பில் அமைவதன்று என்றது. இத்தீர்ப்பைக் கட்டுரையாளர் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. மாணவர் உரிமை என்று பொதுவாகப் பேசும்போது எம்மாணவரின் உரிமை என்று கேட்க இத்தீர்ப்பு கற்பிக்கிறது. இங்குக் காக்கப்பட்டது மாணவியரின் சொல். அவர்களை விடுதிக்குள் பூட்டி வைப்பதாகிய காப்பு அன்று.

வயது பற்றிய ஒரு முரணும் இங்கு நோக்கத்தக்கது. 1875ஆம் ஆண்டின் இந்திய உரிமை வயதுச் சட்டம் 18 வயது நிரம்பியவரைப் பொதுவாக உரிமை வயதினர் என்றது. நீதிமன்றம் காப்பாளரை அமர்த்தியிருந்தால் மட்டும் 21. அப்போது இங்கிலாந்தில் எல்லார்க்கும் 21. அங்கு அது 18ஆகக் குறைந்தது 1970இல்தான். வயது குறைந்ததுடன் மாணவர் மீது பெற்றோர் இடத்தில் நிற்கும் கோட்பாடும் அங்குத் தளர்ந்தது. அமெரிக்காவில், உணவகத்தில் அமர்ந்து நிறவெறியை எதிர்த்த கறுப்பின மாணவர்களை அலபாமாக் கல்லூரி விசாரணையின்றி நீக்கிய வழக்கில், 1961இல் வந்த தீர்ப்பு அக்கோட்பாட்டை அசைத்தது. கோட்பாட்டை நமக்கு அனுப்பியவர்கள் அதைக் கைவிட்டனர். அவர்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே 18 வயதினரை உரிமை வயதினர் என்று ஏற்ற நாம், 1989இல் வாக்குரிமை வயதையும் 18ஆக்கிய பின்னரும், அதை விடவில்லை.

காத்தல் தேவையான இடம்

காப்பு எங்கும் வேண்டா என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 2007இல் இராகவன் குழு தன் அறிக்கையை அளித்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் மற்றொரு மருத்துவ மாணவர் இறந்தபின் சூன் மாதம் மானியக் குழுவின் ஒழுங்குமுறை விதிகள் வெளிவந்தன. எண்பதுகளில் இராகிங்கை ‘மூத்தவர் இளையவரை அரவணைக்கும் மரபு’ என்று விடுதிக் காப்பாளர்களே சிரித்தபடி சொல்வதுண்டு என முன்னோர் கூறக் கேட்டிருக்கிறோம். இரவு எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிய காப்பு, பூட்டிய கதவுக்குள் நடந்ததைக் காணவில்லை. இவ்விதிகளின் சிறப்பு, கடமையை நிறுவனத்தின் மீது சுமத்தியமையாகும்: குழு அமைக்க வேண்டும், முறையீட்டைக் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும், தவறினால் நிறுவனமே விடை கூற வேண்டும். ஆயினும் இதிலும் பழைய மரபு ஒட்டிக்கொண்டது. மாணவர் உறுதிமொழியுடன் பெற்றோரின் உறுதிமொழியும் ஆண்டுதோறும் வேண்டப்படுகிறது.

மாணவர் தேர்தல் பற்றிய இலிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தியது. 5,000 ரூபாய்க்குள் செலவு, கையால் எழுதிய சுவரொட்டி, 75 விழுக்காடு வருகை என்பன அதன் நிபந்தனைகள். தில்லியில் தேர்தல் நாளன்று சாலையெங்கும் கிடக்கும் அச்சிட்ட துண்டறிக்கைகளைக் கண்டோர்க்கு விளக்கம் தேவையில்லை.

விடுதிக் கதவு

2015 ஏப்ரலில் மானியக் குழு வளாகப் பாதுகாப்பு நெறிமுறைகளை வெளியிட்டது. முள்வேலியிட்ட உயர்ந்த சுற்றுச்சுவர், கண்காணிப்புக் கருவிகள், வளாகத்துள் காவல் நிலையம், காலாண்டுக்கொருமுறை பெற்றோர் ஆசிரியர் கூட்டம் முதலியன அவற்றுள் அடங்கும். அவ்வாண்டு ஆகத்தில் தில்லி சாமியா மில்லியா இசுலாமியா தன் மாணவியர் விடுதியில் இரவு தாமதமாகத் திரும்புவதற்கான இசைவை நீக்கியது. தில்லி மகளிர் ஆணையம் விளக்கம் கேட்டது. ‘பிஞ்ச்ரா தோட்’, அதாவது கூண்டை உடை, என்னும் மாணவியர் இயக்கம் இதிலிருந்து எழுந்தது. அவர்கள் முன்வைத்த வினா மிக எளியது: ஆண்கள் விடுதிக்கு இல்லாத நேரக்கட்டுப்பாடு எங்களுக்கு ஏன்? நூலகம் நள்ளிரவு வரை திறந்திருந்தால் அது யாருக்காகத் திறந்திருக்கிறது?

2016 மே மாதம் அதே மானியக் குழு, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு பற்றிய ஒழுங்குமுறை விதிகளை அரசிதழில் வெளியிட்டது. மாணவியரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை மகளிர் விடுதிகளில் விதிக்கலாகாது. வளாகப் பாதுகாப்பு என்பது மிகைக் கண்காணிப்பாகவோ நடமாட்டத்தைக் குறைப்பதாகவோ ஆகிவிடக் கூடாது என்று அதில் கூறப்பட்டுள்ளது. ஓராண்டு இடைவெளியில் ஒரே அமைப்பு முள்வேலியையும் பரிந்துரைத்தது, முள்வேலிக்கு எதிராகவும் விதி செய்தது. முன்னது நெறிமுறை, பின்னது சட்டவலு உடைய விதி. ஆயின் நடைமுறையில் வலுவுடன் நிற்பது சுவர்தான்.

கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இத்துறையில் தெளிவான தடம் பதித்துள்ளன. 2019இல் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து மணி வரை கைபேசியை ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை ஏற்காத மாணவி விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். இணையத்தைப் பயன்படுத்துதல் கல்வியுரிமை, தனியுரிமை ஆகியவற்றின் பகுதி எனக் கூறி அவரை மீண்டும் சேர்க்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. பெற்றோர் சங்கத்தின் விருப்பப்படியே விதி வகுத்தோம் என்று கல்லூரி கூறியது. அந்த மாணவியின் தந்தையோ மகள் பக்கம் நின்றார். இரங்பூர் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவியர் இரவு 9.30 மணி விதியை எதிர்த்து அதே நீதிமன்றத்தை நாடினர். அவ்வழக்கில் மருத்துவப் பல்கலைக்கழகம் முன்வைத்த வாதம், மனித மூளை முழு முதிர்ச்சி அடைவது 25 வயதில்தான் என்பது. அவ்வயதுக்கு முன்னரே இரவுப் பணியில் நோயாளியின் உயிரைக் கையில் ஏந்தப் போகிறவர்கள் அம்மாணவியர். 1875ஆம் ஆண்டுச் சட்டம் 18 என்றது. 147 ஆண்டுகள் கழித்து ஒரு பல்கலைக்கழகம் 25 என்றது. அவ்வாண்டு திசம்பரில் கேரள அரசு நேரவிதியை ஆண், பெண் இருபாலர்க்கும் பொதுவாக்கி ஆணையிட்டது. சமன்மை வந்தது, கதவு திறந்ததா என்பது வேறு.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதத் தடையாக இருப்பது சான்றுகளின் நிலை. சட்டங்களும் தீர்ப்புகளும் கிடைக்கின்றன. மாணவர் உண்மையில் எவ்விதிக்குக் கீழ் வாழ்ந்தனர் என்பதைக் காட்டும் விடுதிக் கையேடுகளும், ‘வெளியே செல்வோர் பதிவேடு’களும் கிடைப்பதில்லை. ஆண்டு முடிந்ததும் அவை பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போகின்றன. கட்டுரையாளரிடம் பதினோர் ஆண்டுக் கையேடுகள் உள்ளன. உள்ளூர்க் காப்பாளராகக் கையொப்பமிட்டபோது பெற்றவை. தம் கல்லூரி விடுதியின் பழைய விதி நூல்களை வைத்திருக்கும் வாசகர்கள், ஒளிப்படி அனுப்பினால் அவை தொகுப்பில் சேர்க்கப்படும். 1980க்கு முற்பட்ட மகளிர் விடுதிக் கையேடுகள் மிகவும் தேவைப்படுகின்றன.